எந்தத் தெரு?

உங்கள் கைப்பேசியில் இருக்கும் பிரவுசரிடம் பெயர் கேட்டால் அனேகமாக முதல் சொல்லே பொய்யாக இருக்கும். குரோம், சஃபாரி, எட்ஜ் எதுவானாலும் ‘மொசில்லா 5.0’ என்றுதான் ஆரம்பிக்கும். அப்படிச் சொல்லிக்கொள்ளும் உரிமை இன்றைக்கு ஃபயர்பாக்ஸுக்கு மட்டும்தான் உண்டு. குரோம் சொல்லும் முழு விலாசத்தையும் வாங்கிப் படித்தால் இன்னும் வேடிக்கை. மொசில்லா என்று சொல்லும், சஃபாரியின் இயந்திரமான ஆப்பிள் வெப்கிட் என்றும் சொல்லும், ஃபயர்பாக்ஸின் இயந்திரத்தை நினைத்து ‘கெக்கோ மாதிரி’ என்று அடைப்புக்குறிக்குள் முனகும், பிறகு தன் பெயரைச் சொல்லும், கடைசியில் சஃபாரி என்று முடிக்கும். எட்ஜ் இவை அத்தனையையும் ஒப்பித்துவிட்டுத் தன் பெயரை வாலில் ஒட்டிக்கொள்ளும்.

இது எப்படி வந்தது? 1993இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் பிறந்தது. அதைச் செய்தவர்களில் சிலர் வெளியே வந்து 1994இல் நெட்ஸ்கேப்பை உண்டாக்கினார்கள். மொசைக்கைத் தின்று தீர்க்கும் பூதம் என்ற கிண்டலில் அவர்கள் வைத்த உள்வீட்டுப் பெயர்தான் மொசில்லா. பக்கத்தைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டும் ஃபிரேம் வசதி நெட்ஸ்கேப்பில் வந்ததும், தளம் நடத்தியவர்கள் வாசலில் ஆள் நிறுத்தினார்கள். மொசில்லா என்று சொன்னவருக்கு நல்ல பக்கம், மற்றவருக்குச் சப்பையான பக்கம். மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் ஃபிரேம் காட்டக் கற்றுக்கொண்டது. ஆனால் வாசலில் இருந்தவர் பெயரை மட்டுமே கேட்டார். எனவே அதுவும் மொசில்லா என்று சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தது. அடுத்து வந்தவை எல்லாம் அதே வழியில் நுழைந்தன. 2009இல் ஓபரா தன் 10ஆம் பதிப்பை வெளியிட்டபோது, வாசலில் கேட்பவர்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்து ‘1’ என்று எடுத்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் ஓபரா அதற்குப் பிறகு வந்த சில பதிப்புகளிலும் தன்னை 9.80 என்றே சொல்லிக்கொண்டது. 2022இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் 100ஆம் பதிப்பை எட்டும்போது மூன்று இலக்கத்தைப் பார்த்து எத்தனை தளங்கள் மூச்சடைக்கும் என்று இரு தரப்பும் முன்கூட்டியே சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

நான் இருக்கும் குள்ளஞ்சாவடி, கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையில் இருக்கிறது. மேற்கே போனால் குறிஞ்சிப்பாடி, வடலூர், அதைத் தாண்டி நெய்வேலி. இந்தப் பக்கத்து டீக்கடையில் புதுமுகம் ஒருவர் உட்கார்ந்தால் முதல் கேள்வி ‘எந்த ஊரு தம்பி?’ பதில் வந்தவுடன் குரலைக் கொஞ்சம் இறக்கி ‘அங்க எந்தத் தெரு?’ தெருவைக் கேட்பது எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். நிலக்கரிக்காக எழுந்த நெய்வேலி டவுன்ஷிப்பில் இந்தியாவின் பல மாநிலத்தவரும் கலந்து வாழ்வதால் தெரு செல்லாது. அங்கே ‘எந்த வட்டம், என்ன டைப் குவார்ட்டர்ஸ்?’ என்று விசாரித்து உத்தியோகத்தை அளந்துகொள்வார்கள். சென்னைக்குப் போய் வாடகை வீடு தேடும் பையன் தெருப்பெயர் கேட்கப்பட்டால், ஊரில் எல்லோருக்கும் பொதுவான கோயில் பெயரைச் சொல்லிச் சமாளிக்கிறான். அவனைப் பொய்யன் என்று நான் சொல்ல மாட்டேன். பொய்யை அவன் வாயில் வைத்தது கேள்விதான். பிரவுசர்களின் கதையும் அதேதான். மொசில்லா என்று அவற்றைச் சொல்ல வைத்தவர்கள் பக்கம் எழுதிய நாங்கள்.

என் பிழைப்பு பக்கங்கள் எழுதுவது. முந்திரி வியாபாரி, பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை என்று யார் வந்தாலும் சொல்வது ஒன்றுதான். ‘பேரு ஓடணுங்க.’ ஓட வேண்டும், மின்ன வேண்டும், பூ உதிர வேண்டும். அந்த ஆசையை ஏளனம் செய்பவர்களை எனக்குப் பிடிக்காது. வலையை உண்டாக்கியவர்களுக்கே அந்த ஆசை இருந்தது. நெட்ஸ்கேப் எழுத்தை மினுக்க விட்டது, மைக்ரோசாஃப்ட் எழுத்தை ஓட விட்டது. மினுக்கும் பிளிங்க்கை ஃபயர்பாக்ஸ் 2013இல் தூக்கி எறிந்தது. ஓடும் மார்க்கீயோ, வழக்கொழிந்தது என்று தர நிர்ணயம் முத்திரை குத்திய பிறகும் எல்லாப் பிரவுசரிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மினுக்குவதும் ஓட்டுவதும் போதாமல் எதை வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்ற காலம் 1997இல் வந்தது. அதே வருடம் நெட்ஸ்கேப் 4, அதே வருடம் எக்ஸ்புளோரர் 4. பக்கத்தில் ஒரு பூப்படத்தை மேலிருந்து கீழே உதிர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நெட்ஸ்கேப்பில் அந்தப் பூவை ‘லேயர்ஸ்’ என்ற பட்டியலில் தேட வேண்டும், எக்ஸ்புளோரரில் ‘ஆல்’ என்ற பட்டியலில். நகர்த்தும் கட்டளையும் வேறு, திரையின் அகலத்தைக் கேட்கும் முறையும் வேறு, சுட்டி எங்கே இருக்கிறது என்று அறியும் முறையும் வேறு. ஒரே பூவுக்கு இரண்டு ஸ்கிரிப்ட். நெட்ஸ்கேப் 4இல் வாசகர் ஜன்னலைச் சற்று இழுத்துப் பெரிதாக்கினால் பக்கத்தின் அமைப்பு குலைந்துபோகும். அதற்காக, ஜன்னல் அளவு மாறினால் பக்கத்தை மறுபடி ஏற்றும் ஒட்டுப்போட்ட ஸ்கிரிப்ட் தனியாக.

தமிழ்ப் பக்கத்துக்கு இதோடு முடியவில்லை. எழுத்துருவும் இரண்டு. வாசகர் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்காது என்பதால் பக்கத்தோடு அதையும் அனுப்பிவைக்கும் டைனமிக் ஃபாண்ட் முறை அப்போது வந்தது. நெட்ஸ்கேப்புக்கு பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் வகை, எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாஃப்டின் வகை. ஒன்றை மற்றது ஏற்காது. எழுத்துரு வந்து சேராவிட்டால் தலைப்பில் ஓடுவது தமிழாக இருக்காது. ரோமன் எழுத்தும் உச்சரிப்புக் குறிகளும் கலந்த குப்பை, வலமிருந்து இடமாக, ஒழுங்கான வேகத்தில் ஓடும்.

2000 நவம்பரில் நெட்ஸ்கேப் 6 வந்தது. முழுக்கப் புதிதாக எழுதப்பட்டது. லேயர்ஸ் கிடையாது, பிட்ஸ்ட்ரீம் எழுத்துருவும் கிடையாது. 1998 அக்டோபரில் வலைக் கூட்டமைப்பு (W3C) வெளியிட்ட பொது முறையை மட்டும் அது பேசியது. அந்த வாரம் யாருடைய ஸ்கிரிப்ட் பிழைத்தது, யாருடையது செத்தது என்பதுதான் இந்தத் தொழிலின் பெரிய பாடம் என்று நினைக்கிறேன். ‘நீ நெட்ஸ்கேப்பா?’ என்று கேட்டு எழுதிய ஸ்கிரிப்டுக்கு ‘ஆமாம்’ என்ற உண்மையான பதில் கிடைத்தது. உடனே அது லேயர்ஸைத் தேடிப்போய்த் தடுக்கி விழுந்தது. ‘லேயர்ஸ் இருக்கிறதா? இல்லையா, சரி, பொது முறை தெரியுமா?’ என்று கேட்டு எழுதிய ஸ்கிரிப்ட், தான் எழுதப்பட்டபோது பிறந்தே இராத பிரவுசரிலும் பூவை உதிர்த்தது. வடலூரில் 1867இல் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலைப் பந்தியில் உட்காருகிறவரிடம் யாரும் தெரு கேட்பதில்லை. பசிதான் அங்கே தகுதி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கும்போது நான் அந்தப் பந்தியைத்தான் காட்டுவது வழக்கம். பெயரைக் கேட்காதே, முடியுமா என்று கேள்.

கேள்வியை மாற்றினால் பொய் ஒழிந்துவிடும் என்று நம்பிய காலமும் ஒன்று உண்டு. அது ஒழியவில்லை. ‘ஆல் இருக்கிறதா?’ என்று கேட்டு, இருந்தால் இது எக்ஸ்புளோரர் என்று முடிவுகட்டும் ஸ்கிரிப்டுகள் வலை முழுக்கப் பரவிவிட்டன. திறமையைக் கேட்கும் பாவனையில் தெருவைக் கேட்பது இது. ஃபயர்பாக்ஸ் போன்றவை அந்தப் பழைய பட்டியலையும் ஆதரிக்க வேண்டியிருந்தது, ஆனால் ஆதரிப்பதாக ஒத்துக்கொண்டால் எக்ஸ்புளோரருக்கு வைத்த குழியில் விழ வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு விசித்திர சமரசம். ‘ஆல்’ இருக்கும், எடுத்துப் பயன்படுத்தினால் வேலை செய்யும், இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் இல்லை என்று சொல்லும். ஹெச்டிஎம்எல் தர நிர்ணயத்தில், ஜாவாஸ்கிரிப்ட் இலக்கணத்தைத் தெரிந்தே மீறுவதாக ஒத்துக்கொண்டு இதை எழுதி வைத்தார்கள். 2013இல் எக்ஸ்புளோரர் 11 வந்தபோது, அந்தப் பட்டியலைப் பெற்றெடுத்த அதுவே ‘என்னிடம் ஆல் இல்லை’ என்று சொல்லத் தொடங்கியது. கூடவே தன் விலாசத்தில் ‘கெக்கோ மாதிரி’ என்றும் சேர்த்துக்கொண்டது. தன் பெயரால் பட்ட அவதி போதும் என்று அதற்கே தோன்றியிருக்க வேண்டும். 2022 ஜூன் 15இல் மைக்ரோசாஃப்ட் அதற்கு ஓய்வு கொடுத்தது.

பொய்யைவிட மௌனம் மோசம். பழைய ஸ்கிரிப்டுகள் பூவின் இடத்தை வெறும் 100 என்று எழுதும். நூறு என்ன? பிக்சலா, விழுக்காடா? பழைய பிரவுசர்கள் தாமாகவே பிக்சல் என்று எடுத்துக்கொண்டன. தர முறைப்படி நடக்கும் பிரவுசர் அலகு இல்லாத எண்ணைக் கண்டால் அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பிழைச்செய்தி கிடையாது. பூ இருந்த இடத்திலேயே இருக்கும். பக்கத்தின் தலையில் ‘இது தர முறைப்படி எழுதப்பட்டது’ என்ற ஒரு வரியைச் சேர்த்ததும் நேற்றுவரை உதிர்ந்த பூக்கள் எல்லாம் இடது மூலையில் குவிந்து நின்றுவிடும். ஸ்கிரிப்டில் ஓர் எழுத்தையும் தொடாதவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். மருந்து, எண்ணுக்குப் பின்னால் ‘பிஎக்ஸ்’ என்ற இரண்டே எழுத்து. அதைக் கண்டுபிடிக்க ஆகும் நேரத்துக்குக் கூலி கேட்டால் எந்த வியாபாரியும் தரமாட்டார்.

2006 ஜனவரியில் ஜான் ரெசிக் ஜெக்வெரி என்ற ஸ்கிரிப்ட் தொகுப்பை வெளியிட்டார். அதன்பிறகு எங்களைப் போன்றவர்கள் வேறுபாடுகளை நேருக்கு நேர் பார்ப்பது குறைந்தது. பிரவுசரின் குணங்களை எல்லாம் அது தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டது. அதிலும் பெயர் கேட்கும் வசதி ஒன்று இருந்தது. 2009இல் அதை வேண்டாம் என்றார்கள், 2013இல் எடுத்தே விட்டார்கள். எடுத்த அன்று எத்தனை தளங்களில் படச்சட்டம் சுழலாமல் நின்றதோ, அத்தனை தளங்களிலும் எழுதியவர் தெரு கேட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

கைப்பேசி வந்ததும் பழைய வியாதி புதுச் சட்டை போட்டுக்கொண்டது. சோதனை நிலையில் இருக்கும் அசைவுக் கட்டளைகளுக்கு முன்னால் ஒவ்வொரு பிரவுசரும் தன் அடையாளத்தை ஒட்டியது. வெப்கிட், மொஸ், எம்எஸ், ஓ என்று ஒரே கட்டளை நான்கு முறை. ஐபோனில் ஓடினால் போதும் என்று பலர் வெப்கிட் வரியை மட்டும் எழுதினார்கள். 2012இல் ஓபராவும் 2016இல் ஃபயர்பாக்ஸும் வேறு வழியின்றி அந்த வெப்கிட் அடையாளத்தைத் தாங்களும் ஏற்றுக்கொண்டன. மறுபடியும் அடுத்த வீட்டுப் பெயரைச் சொல்லி நுழைவது.

இப்போதைய தகராறு வேகத்தில். திரை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் ஸ்கிரிப்டைக் கூப்பிடும் முறை 2011 வாக்கில் பரவியது. ஒரு தடவைக்கு 2 பிக்சல் நகர்த்து என்று எழுதினால், நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும் திரையில் 120 பிக்சல் ஓடும். 120 தடவை புதுப்பிக்கும் ஆண்ட்ராய்டு போனில் 240 பிக்சல். பேட்டரி குறைந்து சிக்கன நிலைக்குப் போன ஐபோனில் புதுப்பிப்பு 30ஆகக் குறைந்து 60 பிக்சல். ஒரே பெயர் ஒரு போனில் பறக்கிறது, இன்னொன்றில் நொண்டுகிறது. எத்தனை தடவை என்று எண்ணுவதை விட்டு, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் கழிந்தது என்று கணக்கிட்டு நகர்த்தினால் தீர்ந்தது. பிரவுசர் அந்த நேரத்தைக் கையிலேயே கொடுக்கிறது. வாங்கிக்கொள்ளாதவர்கள் அதிகம்.

இதுவரை சொன்னவை உலகத்தார் எல்லோருக்கும் பொது. தமிழுக்கென்று ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது.

தட்டச்சு செய்வதுபோல் ஒவ்வோர் எழுத்தாகத் தோன்றும் அனிமேஷன் எல்லோருக்கும் பிடிக்கும். ஸ்கிரிப்ட் எளிது. சொல்லின் முதல் குறியீட்டைக் காட்டு, பிறகு முதல் இரண்டை, பிறகு மூன்றை. ஆங்கிலத்துக்கு அது போதும். குள்ளஞ்சாவடி என்ற பெயரை அதில் போட்டுப் பாருங்கள். நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் 12 குறியீடு. திரையில் முதலில் க தோன்றும், பிறகு அது கு ஆகும். ள வரும், ஒரு கணம் கழித்து அதன் தலையில் புள்ளி விழும். ஞ வந்து ஞ் ஆகும், ட வந்து டி ஆகும். நெய்வேலி இன்னும் மோசம். ந முதலில் வந்து உட்காரும். அடுத்த கணத்தில் கொம்பு வந்து இடதுபக்கம் சொருகிக்கொள்ள, ந வலதுபக்கம் தள்ளப்படும். வே வரும்போது அதே தள்ளுமுள்ளு. தமிழ் தெரியாதவர் கண்ணுக்கு இது அழகான அசைவு. தமிழ் எழுதுகிற எவருக்கும் இது பிழை. நாம் எழுதுவது கொம்பைப் போட்டு ந-வைப் போடுகிற வரிசையில்.

யூனிகோடுக்கு முன்னால் நாம் திட்டிக்கொண்டிருந்த திஸ்கி குறியேற்றத்தில் இந்தக் கோளாறு இவ்வளவு கிடையாது என்பது இன்று நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அதில் கு, ள், ஞ் போன்றவற்றுக்குத் தனி இடம் இருந்தது. கொம்பு கண்ணுக்குத் தெரியும் வரிசையில் முன்னால்தான் சேமிக்கப்பட்டது. நெய்வேலியில் கொம்பு வந்து ந வரும், கையால் எழுதுவதுபோலவே. தேடவும் அகரவரிசைப்படுத்தவும் அந்த முறை உதவாது என்பதால் அதை விட்டு வந்தோம், வந்தது சரிதான். ஆனால் அசைவுக்கு அது ஒத்துப்போனது.

ஒவ்வோர் எழுத்தையும் தனிப் பெட்டியில் போட்டுச் சுழற்றும் ஸ்கிரிப்டுகளில் விபரீதம் பெரிது. வரியோடு ஒட்டிய எழுத்தைச் சுழற்ற முடியாது. அதைத் தனிக்கட்டமாக்கினால்தான் திருப்பவோ பெரிதாக்கவோ பிரவுசர் ஒத்துக்கொள்ளும். கட்டமாக்கியதும் க ஒரு கட்டத்தில், அதன் உகரக் குறி அடுத்த கட்டத்தில். அனாதையான குறிக்குத் துணையாகப் பிரவுசர் ஒரு புள்ளி வட்டத்தை வரையும். அந்தப் புள்ளி வட்டங்கள் வரிசையாகச் சுழன்று வந்து நின்ற முகப்புகளைத் திறப்பு விழா அன்றே நான் பார்த்திருக்கிறேன். கைதட்டினார்கள்.

இதற்கு மருந்தாக, சொல்லை மனிதர் எண்ணும் எழுத்துகளாக வெட்டித்தரும் செக்மென்டர் என்ற வசதி ஜாவாஸ்கிரிப்டில் வந்தது. குரோமில் 2020, சஃபாரியில் 2021, ஃபயர்பாக்ஸில் 2024 ஏப்ரல். நடுவிலிருந்த அந்த மூன்று, நான்கு வருடங்கள் ‘உன்னிடம் செக்மென்டர் இருக்கிறதா?’ என்று கேட்காமல் எழுதியவர்களின் தலைப்பு ஃபயர்பாக்ஸில் அசையவே இல்லை. கேட்டு எழுதுவது ஒன்றும் கடினமில்லை. இருந்தால் அதைப் பயன்படுத்து. இல்லாவிட்டால், கால், கொம்பு, புள்ளி முதலான எந்தக் குறியையும் முன்னால் உள்ள எழுத்தை விட்டுப் பிரிக்காதே. தமிழுக்கு இந்த ஒரு விதியே பெரும்பாலும் போதும். இந்தி அளவுக்குக்கூட நம் எழுத்தில் கூட்டெழுத்துச் சிக்கல் இல்லை.

பெரும்பாலும் என்றேன். கல்யாண அழைப்பிதழ்ப் பக்கங்களில் லக்ஷ்மி வருவார். செக்மென்டர் அவரை ல, க், ஷ், மி என்று வெட்டும். யூனிகோட் 2023இல் தேவநாகரி, தெலுங்கு, மலையாளம் முதலியவற்றின் கூட்டெழுத்துகளைப் பிரிக்காமல் காக்க விதி சேர்த்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. திரையில் முதலில் புள்ளியோடு க் வரும். ஷ் வந்து ஒட்டியதும் அந்தப் புள்ளி மறைந்து இரண்டும் ஒன்றாகும். தனிக்கட்டங்களில் போட்டால் ஒன்றாகவே ஆகாது. ஸ்ரீக்கும் இதே கதி. இவை இரண்டுக்கும் கையால் விதிவிலக்கு எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

பிரவுசரிடம் ‘முடியுமா?’ என்று கேட்கும் முறை எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது என்பதை லக்ஷ்மி காட்டிவிடுகிறார். செக்மென்டர் இருக்கிறதா என்றால் இருக்கிறது என்று உண்மையாகவே சொல்கிறது. செய்தும் காட்டுகிறது. செய்தது தப்பு என்று தெரிய அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். இது புதிதல்ல. ஃபயர்பாக்ஸின் 3ஆம் பதிப்புக்கு முன்னால், பத்தியின் இரு ஓரங்களையும் நேராக்கச் சொன்னால் விண்டோஸில் தமிழ் எழுத்துகள் உடைந்து சிதறும். ‘நெருப்பு நரியில் உங்கள் பதிவு தெரியவில்லை, ஜஸ்டிஃபை செய்யாதீர்கள்’ என்று வலைப்பதிவர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டார்கள். எழுத்தை வரையும் இயந்திரத்தையே மாற்றிய 3ஆம் பதிப்பு 2008 ஜூனில் வந்த பிறகே அது சரியானது. ஓரத்தை நேராக்க முடியுமா என்று அதற்கு முன் அந்தப் பிரவுசரை எந்த ஸ்கிரிப்ட் கேட்டிருந்தாலும் முடியும் என்றே பதில் வந்திருக்கும்.

2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியவை சேர்ந்து, எந்த வேறுபாடுகளை அந்த வருடத்துக்குள் ஒழிப்பது என்று பட்டியல் போட்டு வேலை செய்கின்றன. அவை நம்பியிருக்கும் சோதனைத் தொகுப்பு திறந்தது, எவரும் சோதனை எழுதிச் சேர்க்கலாம். வலைக் கூட்டமைப்பில் தமிழ் எழுத்தமைப்புக்கு வலையில் இன்னும் உள்ள குறைகளை விவரிக்கும் தனி ஆவணமே இருக்கிறது. அதை நிரப்ப வேண்டியவர்கள் கலிஃபோர்னியாவில் இல்லை. யாப்பருங்கலமும் நன்னூலும் பேசும் புலவர்கள், எழுத்து எது என்று மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள், ஒரு பிழைப் பதிவு போட்டுப் பார்த்தேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

அதனால் இந்தப் பத்திரிகையின் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஒரு பக்கத்தில் புள்ளி வட்டமோ, பிரிந்து நிற்கும் கொம்போ, தாமதமாக வரும் புள்ளியோ கண்ணில் பட்டால் முகநூலில் புலம்பிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். திரையைப் படமெடுங்கள். பிரவுசரின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்து, சரியாக எப்படித் தெரிய வேண்டும் என்பதைப் பக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள். அதை அனுப்ப, ஃபயர்பாக்ஸுக்கு பக்ஸில்லா, குரோமுக்கும் சஃபாரிக்கும் அவற்றின் பிழைப் பட்டியல்கள் இருக்கின்றன. ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, இரண்டு படங்கள் போதும். பக்ஸில்லாவில் கணக்குத் தொடங்க ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும்.